எப்ப அளந்தீங்க?

போன மாதம் இரண்டு பெண்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற துப்பாக்கித் தொழிற்சாலையில், நான் இருந்த அதே பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். காபி ஆறுவதற்குள் மூத்தவள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மேடம், எந்த முறையில செஞ்சா பேரல் நல்லா வரும்? பழைய வெட்டு முறையா, பட்டன் முறையா, இப்ப வந்திருக்கிற சுத்தியல் மெஷினா? எங்க செக்‌ஷன்ல தினமும் இதே சண்டைதான்."

இளையவள் சலிப்போடு சொன்னாள். "எதுவா இருந்தா நமக்கென்னங்க மேடம். எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குது. நாங்க சும்மா முத்திரை குத்திட்டு உக்காந்திருக்கோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள், எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. சும்மா குத்துகிற முத்திரை என்று ஒன்று கிடையாது என்று ஆரம்பித்து, என்னோடு வேலை பார்த்த கலியமூர்த்திக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன். இதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் மாயவரம். இப்போது மயிலாடுதுறை என்கிறார்கள், என் வாய்க்கு மாயவரம்தான் வரும். அப்பா லுத்தரன் பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியர். எங்கள் வீட்டில் ஸ்டூல் ஆடினால்கூட அடிக்கோல் எடுத்து அளந்த பிறகுதான் அட்டை வைப்போம். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆண்களுக்கு நடுவே நான் ஒரே பெண். முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு என் வரைபடங்களைப் பார்த்து எழுதினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொழிற்சாலை தஞ்சாவூரைத் தாண்டி மேற்கே, பொட்டலில் இருந்தது. டெல்டாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காலை பாசஞ்சர் ரயிலில் வருவோம். அறுப்புக் காலத்தில் பெட்டி முழுக்கக் கூலித் தகராறு பற்றிய பேச்சுதான். எந்த ஊரில் வெளியாட்களைக் கொண்டு அறுத்தார்கள், எந்த ஊரில் போலீஸ் இறங்கியது, யார் தலைமறைவு என்று தஞ்சாவூர் வரைக்கும் பேசுவார்கள். தொழிற்சாலை வாசலில் பேச்சு நின்றுவிடும். உள்ளே நாங்கள் மத்திய அரசு ஊழியர்கள். எங்களுக்கு ஊர் கிடையாது என்பது அங்கே சட்டம்.

இனிப் பேரல் என்கிற துப்பாக்கிக் குழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தடித்த எஃகுக் கம்பியில் நீளமாகத் துளை போடுவார்கள். அதை வழவழப்பாக்கி அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு துளையின் சுவரில், திருகிக்கொண்டு போகும் பள்ளக் கோடுகளைப் போடுவார்கள், அவற்றுக்குப் பெயர் காடி. குண்டு அந்தக் காடிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று போவதால்தான் நேராகப் போகிறது. கடைசியில் வெளிப்புறத்தை லேத்தில் கடைந்து, அடிப்பக்கம் தடிப்பாகவும் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் ஆக்குவார்கள்.

நான் சேர்ந்தபோது காடி போட வெட்டு முறை மட்டும்தான். கொக்கி மாதிரி ஒரு வெட்டுப்பல் துளைக்குள் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் தலைமுடியைவிட மெல்லிய சீவலை எடுக்கும். குழலை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம், திரும்பி வந்து பார்த்துவிட்டு இன்னொரு டீக்கும் போகலாம், அவ்வளவு மெதுவு. ஆனால் அந்தக் குழலால் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. வேண்டாத உலோகத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டதால் மிச்சம் இருப்பது நிம்மதியாக இருக்கும். வெளியே எவ்வளவு கடைந்தாலும் உள்ளளவு மாறாது. ஆகவே காடி போட்டதும் துளையை அளந்து முத்திரை குத்திவிடுவோம். வெளியே கடைந்த பிறகு யாரும் உள்ளே அளப்பதில்லை, அதற்குத் தேவையே வந்ததில்லை.

அளப்பதற்கு ஒரு கேஜ் உண்டு. சிறிய உருளை, இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போகக் கூடாதது போனால் துளை பெருத்துவிட்டது என்று அர்த்தம், குழல் கழிவுக்குப் போகும்.

எங்கள் ஃபோர்மன் கபூர் சார் அதிராம்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் வியாபாரத்துக்குப் போக, இவர் மட்டும் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தவர். தினமும் ஏதாவது ஒரு லேத்துக்குள் தலையை விடுவார், ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. கேஜைக் கையில் நீட்டினால் வாங்க மாட்டார். மேசையில் விரித்த துணியில் வைக்க வேண்டும், அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். இரண்டு கைச்சூடு எதற்கு என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு குழலை அளந்து, "சரியா இருக்கு சார்" என்றேன்.

"எப்ப அளந்தீங்கம்மா?"

"இப்பதான் சார்."

"மெஷின்லேர்ந்து எறக்கி எவ்வளவு நேரம் ஆச்சு?"

தெரியவில்லை. தொட்டுப் பார்க்கச் சொன்னார். குழல் இளஞ்சூடாக இருந்தது.

"சூட்டுல எல்லாமே கொஞ்சம் கூடத்தான் சொல்லும். ஆறினப்புறம் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அளவு என்ன என்று அவர் முதலில் கேட்டதே இல்லை. எப்ப அளந்தீங்க என்பதுதான் முதல் கேள்வி. அவர் முதுகுக்குப் பின்னால் 'எப்ப சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கான்டீனில் சாம்பார் ஆறிப்போயிருந்தால், "எப்ப வச்சீங்க?" என்று அவர் குரலிலேயே கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு பட்டன் இயந்திரம் வந்தது. வைரம் மாதிரிக் கடினமான ஒரு குமிழ், அதன் மேலேயே காடிகளின் அச்சு. அதைத் துளைக்குள் அழுத்தமாக இழுத்துவிடுவார்கள். ஒரே இழுப்பு, காடி முடிந்தது. எதையும் வெட்டுவதில்லை, உலோகத்தை நெருக்கித் தள்ளி இடம் பண்ணிக்கொள்கிறது. துளைக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆலை முழுக்கத் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சோதனைக்காக ஒரு தொகுதிக் குழல்களை இந்த முறையில் செய்தோம். வெளியே கடைய ஆள் வேண்டும். மூத்த டர்னர்கள் யாரும் அவற்றைத் தொடவில்லை. புதுச் சாமானில் கை தாமதித்தால் அன்றைய எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் தெரியும். எனவே மொத்தத்தையும் கலியமூர்த்தியின் லேத்தில் தள்ளிவிட்டார்கள். அவன் இன்னும் வேலை நிரந்தரமாகாதவன், மறுத்துப் பேச முடியாது.

கலியமூர்த்திக்கு வலங்கைமான் பக்கம். பண்ணை வேலை செய்த குடும்பம். அவர்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சிவப்புக் கொடி பிடித்தவர், மிராசுதாரின் வைக்கோல் போரை எரித்ததாக அவர் மேல் வழக்கு இருந்தது. வேலையில் சேரும் முன் போலீஸ் விசாரணை வருமே, அப்போது கலியமூர்த்தி இதை மறைக்கவில்லை. இவன் மேல் குறை எதுவும் இல்லை என்று அவர்களும் எழுதிவிட்டார்கள். என்னை அக்கா என்பான். லேத்தில் நின்றால் பக்கத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் திரும்பாத ஆள்.

அந்தக் குழல்கள் முடிந்து, சுடும் களத்துக்குப் போயின. நெருக்கமாக விழ வேண்டிய குண்டுகள் பலகை முழுக்கச் சிதறின. என்னைக் கூப்பிட்டார்கள். வாய்ப்பக்கம் கேஜை வைத்தேன். போகக் கூடாத முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்ததிலும் போனது. எல்லாவற்றிலும் என் முத்திரை இருந்தது. நான் அளந்தபோது அந்த முனை ஒன்றில்கூடப் போகவில்லை, அது எனக்கு நிச்சயம்.

அப்படியானால் எனக்குப் பிறகு அதைத் தொட்டவன் யார்? கலியமூர்த்தி.

பாதுகாப்பு அதிகாரி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். கெட்ட மனிதர் அல்ல, ஆனால் சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கலியமூர்த்தியின் பெட்டியைத் திறந்தார். உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான எமரித் துணி இருந்தது. அது எல்லா டர்னர் பெட்டியிலும் இருக்கும், வெளிப்புறத்தைத் தேய்த்து மெருகேற்ற. ஒரு நீளக் குச்சியும் இருந்தது. மூத்த டர்னர் பொன்னுசாமி அண்ணன், அவன் அந்தக் குச்சியைக் குழலுக்குள் விட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சீவலைத் தள்ளக் குச்சி விடுவது உண்டுதான். ஆனால் அதோடு நிற்காமல், "எமரியைச் சுத்தி உள்ள விட்டுத் தேச்சிருப்பான் சார். வேற எப்படிப் பெருக்கும்? இத்தன வருசத்துல கடைஞ்சு எந்தக் குழல் பெருத்திருக்கு?" என்றும் சொல்லிவிட்டார்.

"அண்ணன் மேல கேஸ். ஊரு கீழத்தஞ்சை. துப்பாக்கி சுடக் கூடாதுன்னு நெனக்கிற கூட்டம். தெரிஞ்சே செஞ்சிருக்கான்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

அன்றே கலியமூர்த்தியைச் சஸ்பெண்டு செய்தார்கள். விசாரணையில் நிரூபணமானால் வேலை போவதோடு நிற்காது, நாசவேலை வழக்கும் வரும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வலங்கைமான் போனேன். அவன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஊருக்குள் கேட்டுக்கொண்டு, வாய்க்கால் கரை வழியாக அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. குடிசை வாசலில் கலியமூர்த்தியின் அம்மா நின்றிருந்தார். அவர் எதிரே வேப்பமர நிழலில், மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்காவது வச்சிருவியா?" என்று கேட்டார் காரியக்காரர்.

"விரலு ஆறட்டுங்க. அறுவா பட்டது, இன்னம் சீழ் நிக்கல" என்றார் அம்மா. வலது கட்டை விரலில் பெரிய துணிக்கட்டு இருந்தது.

காரியக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். என்ன விஷயம் என்று கலியமூர்த்தி சொன்னான். திராவிடக் கட்சி ஆட்சியில், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்தது. தாசில்தார் தெருத் தெருவாக வந்து விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். மனை அவன் அம்மா பேரில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால், 'ஐயா தயவில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறோம், மனையில் உரிமை இல்லை' என்று எழுதிய தாளில் கைநாட்டு வாங்கிவிட மிராசுதார் பார்த்தார். வைத்தவர்களுக்கு வயலில் வேலை உண்டு. வைக்காதவர்களுக்குக் கிடையாது.

"என் சம்பளம் வந்தவரைக்கும் அம்மா முடியாதுன்னு நேராவே சொல்லிச்சு. இப்ப நானும் வீட்டுல உக்காந்துட்டேன். அண்ணனும் ஊருல இல்ல. எத்தனை நாளைக்கு முடியாதுன்னு சொல்றது அக்கா?" என்றான்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "உள்ள எமரி விட்டியா?"

"சத்தியம் பண்ணவாக்கா?"

"சத்தியம் எல்லாம் வேண்டாம். குழலை எடுத்ததுலேர்ந்து வரிசையா என்ன செஞ்சேன்னு சொல்லு."

சொன்னான். எடுத்தது, மாட்டியது, எவ்வளவு ஆழம் கடைந்தது, குச்சியால் சீவலைத் தள்ளியது, எமரியால் வெளிப்புறத்தைத் தேய்த்தது, இறக்கியது எல்லாம். ஃபோர்மன் எழுதித் தந்த வேலை வரிசைக்கு ஒரு நூல் பிசகவில்லை. அவனை நம்பிவிட்டேன். ஆனால் எஸ்தர் நம்பினாள் என்று விசாரணையில் எழுதிக்கொள்ள மாட்டார்கள். விரல் கட்டைப் பார்த்துக்கொண்டே, டாக்டரிடம் காட்டக் கூடாதா என்று அம்மாவைக் கேட்டேன். "தானா ஆறிடும்மா, நீங்க போய் அவன் காரியத்தப் பாருங்க" என்றார்.

மறுநாள் கழிவுக்கு ஒதுக்கிய குழல்களை எல்லாம் கேஜ் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். யார் அனுமதி என்று கேட்டவரிடம், என் முத்திரை இருக்கிற சாமானைப் பார்க்க எனக்கு எவன் அனுமதி தர வேண்டும் என்று சண்டை போட்டேன். முதலில் விளக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடி மினுமினுப்பு அப்படியே இருந்தது. எமரி போட்டுத் தேய்த்திருந்தால் மங்கிப் போயிருக்கும். அடுத்து, காற்றை ஊதித் துளையை நெடுக அளக்கிற கருவி ஒன்று உண்டு, அதைக்கொண்டு ஒவ்வொரு குழலையும் அடியிலிருந்து வாய் வரை அளந்தேன். அடிப்பக்கம் அளவு சரியாக இருந்தது. போகப் போகப் பெருத்தது. வெளிப்புறம் எங்கே மெல்லிசாகிறதோ அங்கே உள்ளே பெருத்திருந்தது. ஒரு குழல் விடாமல் இதே கதை.

கபூர் சாரைக் கூப்பிட்டேன். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், கருவியின் முள்ளைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் கேட்டார்.

"எப்ப அளந்தீங்கம்மா?"

"இன்னிக்குக் காலையில சார். நல்லா ஆறின குழல்."

"இதுக்கு முன்னாடி எப்ப?"

"காடி போட்டதும்."

"கடைஞ்சதும்?"

"அப்ப யாரும் அளக்கறதில்லையே சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் கேஜ் அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒரு குழலை மடியில் வைத்து, கடைந்த வெளிப்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுல மூக்கு முட்டச் சாப்பிட்டவன் பெல்ட்டத் தளர்த்தினா வயிறு என்னம்மா செய்யும்?" என்று கடைசியில் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டன் எதையும் வெட்டி எடுக்கவில்லை, நெருக்கித் தள்ளிவிட்டுப் போகிறது. தள்ளப்பட்ட உலோகத்தை வெளிச்சுற்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாம் வெளிச்சுற்றை லேத்தில் கடைந்து எடுத்தால் பிடி தளர்கிறது, உள்ளே துளை விரிகிறது. எங்கே அதிகம் கடைகிறோமோ அங்கே அதிகம் விரிகிறது.

"அப்ப கலியமூர்த்தி மேல தப்பில்ல சார்" என்றேன்.

"நீங்களும் நானும் சொன்னா போதாதும்மா. அவங்க கண்ணால பாக்கணும்" என்றார்.

மேலதிகாரியிடம் பேசி, விசாரணைக்கு முன் ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினார். பாதுகாப்பு அதிகாரி ஒத்துக்கொண்டார், ஆனால் கலியமூர்த்தி உள்ளே வரக் கூடாது என்றார். கடைவதற்கு அவரே ஆளைத் தேர்ந்தெடுத்தார். "பொன்னுசாமி கடையட்டும். அவர் மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

சோதனை நாளன்று ஐந்து குழல்கள் மேசையில் இருந்தன. இரண்டு வெட்டு முறையில் செய்தவை, மூன்று பட்டன் முறையில் செய்தவை. பட்டன் குழல்களில் ஒன்றைக் கபூர் சார் முன்கூட்டியே உலையில் வைத்துச் சூடேற்றி, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டு எடுத்து வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் ஐந்தையும் அளந்தேன். போகக் கூடாத முனை எதிலும் போகவில்லை. பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் போகவில்லை.

அவர் பொன்னுசாமி அண்ணன் பெட்டியைத் திறந்து, எமரித் துணியையும் குச்சியையும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன சார், எம்மேலயேவா?" என்றார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றார் அதிகாரி.

பொன்னுசாமி அண்ணன் கடைந்தால் அது ஒரு அழகு. அவசரம் கிடையாது. சீவல் நீலம் பூத்துச் சுருண்டு விழும். வேலை வரிசையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக முடித்து, மேசைத் துணியில் வைத்தார். கடைசிக் குழல் இறங்கியதும் பாதுகாப்பு அதிகாரி, "சரி, அளங்க" என்றார்.

"ஆறட்டும்" என்றார் கபூர் சார்.

"எவ்வளவு நேரம்?"

"ஆறுற வரைக்கும். சூட்டுல பெருத்துதுன்னு நாளைக்கு நீங்களே சொல்லிருவீங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் கணக்குத் தப்பாகப் போனால் கலியமூர்த்திக்கு இருந்த கடைசி வழியையும் நானே அடைத்தவள் ஆவேன். வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகக் கபூர் சார் ஐந்து குழல்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, தலையசைத்தார். வெட்டு முறைக் குழலில் வாய்ப்பக்கம் கேஜை வைத்தேன். போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. பட்டன் குழலில் வைத்தேன். நான் அழுத்தவே இல்லை, போகக் கூடாத முனை தானாக இறங்கியது. அடுத்ததிலும் இறங்கியது. உலையில் வைத்து எடுத்த குழலில் வைத்தேன். அழுத்தினேன், திருப்பி அழுத்தினேன், வாயிலேயே நின்றுவிட்டது.

பொன்னுசாமி அண்ணன் மேசையருகே வந்தார். "சார், நான் உள்ள ஒண்ணும் விடல" என்றார். "எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க. எமரிகூட உங்ககிட்டதான் இருக்கு."

"பாத்தேன்" என்றார் அதிகாரி.

"நான் ஒண்ணும் பண்ணல சார்." அத்தனை வருடம் கடைந்த மனிதர், கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரும் கேட்காமலேயே, "அந்தப் பயலும் இதைத்தான் சொன்னான்" என்றார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள், பொன்னுசாமி அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் தன் பழைய வாக்குமூலத்தைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் கபூர் சார் எழுந்தார். "பழைய முறைக்கு இருந்த வேலை வரிசையை அப்படியே புது முறைக்கு எழுதிக் கொடுத்தது நான். நடுவுல உலையில வச்சு இறுக்கத்தை எடுத்திருக்கணும், கடைஞ்சப்புறம் இன்னொரு தடவ அளக்கச் சொல்லியிருக்கணும். ரெண்டையும் செய்யல. தப்பு என்னோடது, எழுதிக்குங்க" என்றார். அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு அத்தோடு நின்றுபோனது. இப்படியா சார் தலையைக் கொடுப்பீங்க என்று நான் அழுகையும் கோபமுமாகக் கேட்டேன். "நான் இன்னும் கொஞ்ச காலம் ஃபோர்மனா இருந்தா குறைஞ்சா போயிடுவேன்? அந்தப் பையன் ஜெயிலுக்குப் போனா திரும்பி வருவானாம்மா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த லேத்துக்குள் தலையை விட்டார். அவரைப் போல் ஒருவரை அதன்பின் நான் பார்க்கவில்லை.

வந்த பெண்களுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். வெட்டு முறையிலும் நல்ல குழல் வரும், பட்டனிலும் வரும், சுத்தியலிலும் வரும். வெட்டியது மெதுவாக வரும், ஆனால் பிறகு தொந்தரவு தராது. பட்டன் மினுமினுக்கும், ஆனால் உள்ளே இறுக்கம் இருக்கும். சுத்தியல் மெஷின் சுற்றிச் சுற்றி அடித்தே காடியையும் உருவத்தையும் கொடுக்கிறது, அந்த அடி எல்லாம் எஃகுக்குள்தான் இருக்கிறது, அதன் பிறகு எங்கே கடைந்தாலும் பார்த்துத்தான் கடைய வேண்டும். எந்த முறை என்று கேட்டால் போதாது. அதற்குப் பிறகு அதற்கு என்னென்ன செய்தார்கள், நீ எப்போது அளந்தாய் என்றும் கேள். கடைசிக் கை பட்ட பிறகு அளக்காமல் முத்திரை குத்தாதே. இளையவள் போகும்போது, கேஜ் வைக்க நான் விரித்த பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கலியமூர்த்தி வேலைக்குத் திரும்பிய அன்று காலை, லேத்துக்குப் போகும் முன் கேஜ் அறைக்கு வந்தான். மறுபடி வேலையில் சேரச் சொன்ன உத்தரவு கிடைத்த அன்று ஊரில்தான் இருந்திருக்கிறான். மறுநாளே தாசில்தார் அவர்கள் தெருவுக்கு வந்தார், மனையை அம்மா பேரில் எழுதிக்கொண்டார் என்று சொன்னான். காரியக்காரர் அந்தத் தாளோடு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாராம்.

"அம்மா கைநாட்டு வைக்கலியே?"

"வைக்கலக்கா."

"விரல் காயம் எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"தாசில்தார் எழுதி முடிச்சதும் அம்மா அந்தக் காரியக்காரர் முன்னாடியே துணிய அவுத்து உதறிட்டுதுக்கா" என்றான். "உள்ள காயமே இல்ல."